நாற்பத்து மூன்று பேர் ஏறிய வண்டி

என் மச்சானை டிப்போவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தலையெண்ணி என்பார்கள். கண்டக்டர் வேலையில் இருபத்தாறு வருடம். அதில் கடைசிப் பதினொரு வருடம் நான் ஓட்டிய வண்டியில். என் அக்காவைக் கட்டியவர் என்பதால் வீட்டுக்குப் போனாலும் அவர், வேலைக்கு வந்தாலும் அவர். ஒரு மனுசனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா என்று பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிப்பு வரவில்லை. எழுத உட்கார்ந்தாலே பல்லை நறநறவென்று கடிக்கிறேன். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அவரைப் பற்றி அரசாங்கக் காகிதங்களில் இருப்பதெல்லாம் பொய். அதில் ஒரு பொய்யின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது.

அவர் எண்ண ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வழியில் டீ குடிக்க வண்டி நின்ற இடத்தில், எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து விசில் கொடுத்துவிட்டாராம். பத்து மைல் தாண்டிய பிறகு பின் சீட்டில் ஒரு குழந்தை அம்மாவைத் தேடி அழுதிருக்கிறது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனால், அவள் கழிப்பறை வாசலில் அப்படியே நிற்கிறாள். திட்டவில்லை, அழவில்லை. இவர் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே ஒரு உலுக்கு உலுக்கினாளாம். அன்றிலிருந்து எங்கே வண்டி நின்றாலும், கிளம்பும் முன்பு பென்சிலால் சீட்டுக் கம்பிகளைத் தட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால் போவார், பின்னாலிருந்து முன்னால் வருவார். இரண்டு தடவையும் தலைகள் ஒத்து வந்தால்தான் விசில். சினிமாவுக்குக் கூட்டிப் போனால் இடைவேளை முடிந்ததும் எங்கள் குடும்பத்தை எண்ணுவார். நாங்கள் மொத்தமே ஐந்து பேர். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

இதையெல்லாம் வைத்து அவரை ஏதோ போராளி என்று நினைத்துவிட வேண்டாம். சரியான விதிப்பிடிப்பு ஆசாமி. சங்கக் கூட்டத்துக்கு வரமாட்டார். சாலை மறியல் என்றாலே அவருக்கு ஆகாது, வண்டி லேட்டாகிவிடும். போலீஸ் அடித்தது என்று யாராவது சொன்னால், சும்மா இருந்தவனையா அடித்தார்கள் என்று கேட்பார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிரிப் ஷீட் என்று ஒரு தாள் உண்டு. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே நின்றது, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கண்டக்டர் எழுதுவார். கீழே கண்டக்டரும் டிரைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் கார்பன் வைத்து எழுதுவதால் இரண்டு பிரதி. வெள்ளை டிப்போவுக்கு, ரோஸ் கண்டக்டருக்கு. பயணம் முடிந்த பிறகு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. எந்த டிரைவர் அப்படிச் செய்கிறான்? காலையில் வண்டியை எடுக்கும்போதே எல்லாத் தாளிலும் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்போம். மச்சான் மட்டும் தினமும் முனகுவார். நான் காதில் போட்டுக்கொள்ளமாட்டேன். பதினொரு வருடத்தில் ஒரு தாளைக்கூட நான் படித்ததில்லை.

மார்க்கெட் தெருவில் கடைக்காரர்களைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது சென்ற வருடம். முந்நூறு சின்னக் கடைகள். அந்த இடத்தில் ஏதோ பெரிய கட்டடம் வருகிறது என்றார்கள். யாருக்காக என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கடைக்காரர்கள் போகவில்லை. ஒரு நாள் விடியும்போது போலீஸ் வந்து எல்லாக் கடைக்கும் புதுப் பூட்டு போட்டுச் சீல் வைத்துவிட்டது. உள்ளே சரக்கு அழுகிறது, வெளியே ஆட்கள் கத்துகிறார்கள். அதே மார்க்கெட்டின் கடைசியில் உட்கார்ந்து பூட்டு ரிப்பேர் செய்கிற ஒருவர் எழுந்து வந்தார். கையில் இரண்டு கம்பி. ஒரு மணி நேரத்தில் முப்பது பூட்டைத் திறந்துவிட்டாராம். ஒன்றைக்கூட உடைக்கவில்லை. திறந்து, துடைத்து, வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு, பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள் என்று போலீஸிடமே சொன்னாராம். கூட்டம் கைதட்டிச் சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் தடியடி. அப்புறம் கண்ணீர்ப்புகை. எங்கள் வண்டி மார்க்கெட் முனையில் நாற்பது நிமிடமாக நின்றது. மச்சான் கடைக்காரர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு இன்ஸ்பெக்டர் வந்து பயணிகளை இறக்கச் சொன்னார். இனி இது போலீஸ் வண்டி, ஊருக்கு வெளியே உள்விளையாட்டு அரங்கத்துக்கு விடு என்றார். பிடித்தவர்களை ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்று சொல்வது மரியாதைக்கு. மூட்டையைப் போடுவது மாதிரி உள்ளே தள்ளினார்கள். தலையில் ரத்தம், சட்டை கிழிந்தவர்கள், கண் திறக்க முடியாமல் தடவிக்கொண்டு சீட்டைத் தேடியவர்கள். பெண்களும் இருந்தார்கள். கூட ஆறு போலீஸ்காரர்கள்.

மச்சான் என்ன செய்தார் தெரியுமா? பென்சிலை எடுத்துக் கம்பியைத் தட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு போலீஸ்காரன் கெட்ட வார்த்தை சொல்லி, இதுக்கெல்லாம் டிக்கெட்டா கிழிக்கப் போறே என்றான். சிறப்புப் பயணத்துக்கும் தலைக்கணக்கு எழுத வேண்டும் என்பது விதி என்று இவர் பதில் சொன்னார். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். இரண்டு தடவையும் நாற்பத்து மூன்று. போலீஸைச் சேர்க்காமல். எழுதிக்கொண்டு விசில் கொடுத்தார். என் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். திட்டுவதை நிறுத்தியிருந்தார்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. முன்னால் நம்பர் பலகை இல்லை. அதே இன்ஸ்பெக்டர் அதிலிருந்து இறங்கி வண்டிக்குள் ஏறி, பூட்டுக்காரன் எவன் என்று கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பூட்டுக்காரர் தானாகவே எழுந்தார். நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தது. படியில் இறங்கும்போது மச்சானைப் பார்த்துச் சொன்னார்:

“அண்ணே, மார்க்கெட் கடைசியில பூட்டுக்கடை. என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடுங்க.”

மச்சான் தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். நான் என்றால் விட்டிருப்பேன். அவர் டிரிப் ஷீட்டை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“சார், ஒரு ஆளை நடுவழியில இறக்குறீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.”

இன்ஸ்பெக்டர் ஓங்கி ஒரு அறை விட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. பென்சில் சீட்டுக்கு அடியில் உருண்டது. மச்சான் குனிந்து தேடி எடுத்து, அவரே எழுதிக்கொண்டார்: இறக்கப்பட்டவர் ஒருவர், பூட்டு வேலை செய்பவர், தண்ணீர்த் தொட்டி வளைவு, மணி நான்கு பத்து, ஜீப்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் என்றால் கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க முடியாது. பூட்டுக்காரர் ஜீப் வரைக்கும் நடந்துதான் போனார். ஏறக் காலைத் தூக்கும்போது பின்னாலிருந்து ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவர் தலையில் அடித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கிப் போட்டார்கள். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.

அரங்க வாசலில் இறங்கியவர்கள் நாற்பத்து இரண்டு. மச்சான் எழுதிக்கொண்டார். போலீஸ் பட்டியலிலும் நாற்பத்து இரண்டு. மறுநாள் அவர்களை நீதிபதி முன்னால் நிறுத்தி ஜாமீனில் விட்டார்கள். பூட்டுக்காரரைத் தேடி ஸ்டேஷனுக்குப் போன அவர் மனைவியிடம், அப்படி ஒருவனைக் கைது செய்யவே இல்லை, சீலை உடைத்துவிட்டு ஓடிப்போய்விட்டான், வந்தால் நீதான் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு திமிர் பாருங்கள்.

அந்த அம்மா டிப்போவுக்கு வருவதற்கு முன்பே மச்சான் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். சொல்லச் சொன்னதைச் சொன்னார். ரோஸ் பிரதியைக் காட்டினார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஒரு வக்கீலம்மாவிடம் போனார்கள். வக்கீலம்மா சட்டத்தை விளக்கியதை மச்சான் என்னிடம் வந்து ஒப்பித்தார். ஒருவரைப் பிடித்தால் குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும், எங்கே வைத்திருக்கிறோம் என்று எழுத வேண்டும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். எழுதி வைத்த விதி இவ்வளவு இருக்கும்போது ஆளைக் காணவில்லை என்று எப்படிச் சொல்வார்கள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். ஐம்பது வயது மனிதர் விதியை அப்படி நம்பினார். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். ரோஸ் பிரதிதான் ஆதாரம்.

நாலாவது நாள் காலையில் டிப்போ மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மேஜையில் புது டிரிப் ஷீட். அதே தேதி, அதே வண்டி எண். ஏறியவர் நாற்பத்து இரண்டு, இறங்கியவர் நாற்பத்து இரண்டு. நடுவில் வண்டி எங்கேயும் நிற்கவில்லை. பழைய வெள்ளைப் பிரதி எங்கே என்று மச்சான் கேட்டார். டீ கொட்டிவிட்டது என்றார் மேனேஜர். அந்த மேனேஜர் டீயே குடிக்கமாட்டார், வயிற்றுப் புண்.

மச்சான் தாளை எடுத்து நிதானமாகப் படித்தார். திருப்பி வைத்தார்.

“நான் எண்ணினது நாப்பத்து மூணு சார். ரெண்டு தடவை எண்ணினேன்.”

இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று வழக்கு. இருபத்தாறு வருடமாக அரசாங்க பஸ்ஸில் விசில் ஊதிய மனிதர் அரசு ஊழியர் இல்லையாம், அவரை அறைந்தவர்தான் அரசு ஊழியராம்.

அப்புறம் நான் மட்டும் அந்த அறையில். இன்ஸ்பெக்டர் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் உன் மச்சானைச் சாயங்காலமே அனுப்பிவிடுகிறோம் என்றார். குடும்பம் குட்டி இருக்கிறதல்லவா என்று மேனேஜர் எடுத்துக் கொடுத்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு டிரிப் ஷீட்டை வரி விடாமல் படித்தேன். கடைசி வரி வரைக்கும் பொய் என்று எனக்குத் தெரியும். மச்சானைக் காப்பாற்றத்தான் போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சப்பைக்கட்டு. எனக்குப் பயம். கண்ணாடியில் பார்த்த மூன்று அடியும் என் தலையில் விழும் என்று பயம். அழகாகவே கையெழுத்துப் போட்டேன்.

மச்சானைச் சாயங்காலம் விடவில்லை. ஏழாவது நாள்தான் விட்டார்கள். வலது கையில் மூன்று விரல் ஒடிந்திருந்தது. இடது காது கேட்கவில்லை. ஸ்டேஷன் சுவரில் கைதானவரின் உரிமைகள் என்று பெரிய பலகை எழுதி மாட்டியிருக்கிறார்களாம். மொத்தம் பதினொன்று. அதற்கு நேர் கீழேதான் இவரை உட்கார வைத்து அடித்தார்கள். எண்ணாமல் இருப்பாரா? பதினொன்றில் ஒன்பதை அவர் மேலேயே மீறினார்கள் என்று அக்காவிடம் சொன்னாராம். மீதி இரண்டும் பெண்களுக்கானவையாம், இல்லையென்றால் அதுவும் போயிருக்கும். அக்கா சிரித்துவிட்டு, உடனே ஓவென்று அழுதாளாம். இதெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கையெழுத்துப் போட்ட செய்தி அதற்குள் அக்காவுக்கு எட்டியிருந்தது. நான் பழம் வாங்கிக்கொண்டு போனபோது அவள் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, மூடிவிட்டாள்.

எட்டாவது நாள் நீதிமன்றத்தில் மனு வந்தது. மச்சானால் நடக்க முடியவில்லை, வரவில்லை. என்னை அரசுத் தரப்பில் கூட்டிப் போயிருந்தார்கள். வக்கீலம்மா ரோஸ் பிரதியை நீட்டினார். அரசு வக்கீல் டிப்போவின் வெள்ளைத் தாளை நீட்டினார். அந்தக் கண்டக்டர் மேல் வழக்கு இருக்கிறது, கோபத்தில் ரோஸ் தாளைத் தயார் செய்திருக்கிறார், டிரைவர் இங்கேயே இருக்கிறார், கேளுங்கள் என்றார். நீதிபதி என்னைப் பார்த்து, இந்த வெள்ளைத் தாளில் இருப்பது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான், நான் சொன்னதும் அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் பூட்டுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். வழக்கை மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள்.

மூன்று வாரம் ஆறு வாரமானது. ஆறு வாரம் நான்கு மாதமானது. மார்க்கெட் தெருவை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். பத்திரிகையில் சத்தம் வந்ததால் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதியை வைத்து விசாரணை என்று அறிவித்தார்கள். மச்சானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். எனக்குப் புதுக் கண்டக்டர் வந்தான். நல்லவன்தான், எண்ணமாட்டான்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு மரியாதை நடந்தது. சாலைப் பாதுகாப்பு விழாவில் சிறந்த ஓட்டுநர் என்று சான்றிதழ். கொடுத்தவர் யார்? அதே இன்ஸ்பெக்டர். அதற்குள் பதவி உயர்வு வாங்கியிருந்தார், தோளில் ஒரு பட்டை கூடியிருந்தது. போட்டோவுக்காக என் கையைப் பிடித்துக் குலுக்கும்போது, சிரித்த முகம் மாறாமல் காதோரம் சொன்னார்:

“நல்ல டிரைவர் கண்ணாடியைப் பாக்கணும். பாத்ததை வண்டியோட விட்டுடணும்.”

அதைக் கேட்டுவிட்டு நானும் பல்லை இளித்தேன். போட்டோவில் நன்றாகவே விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தேன். தற்செயலாக அக்கா வந்திருந்தாள், என் மனைவியிடம் தையல் மிஷின் கேட்டு வாங்கிப் போக. சம்பளம் பாதியானதால் வீட்டில் பள்ளிப் பை தைத்துக்கொண்டிருந்தாள். சான்றிதழை எடுத்துப் படித்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

“என் புருஷனுக்கு விரலை ஒடிச்சு அனுப்பினாங்க. உனக்குப் பேப்பர் குடுத்து அனுப்பியிருக்காங்க. யாரை ஒடிச்சிருக்காங்கன்னு நீயே பாத்துக்க.”

அன்று இரவு முழுக்க அந்த இன்ஸ்பெக்டரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். விடியும்போது திட்டுவதற்கு நான் ஒருவன்தான் மிச்சமிருந்தேன். காலையில் டிப்போவுக்குப் போகாமல் நேராக வக்கீலம்மா அலுவலகத்துக்குப் போய், விசாரணையில் என்னைச் சாட்சியாகப் போடுங்கள் என்றேன். வக்கீலம்மா சந்தோஷப்படவில்லை. ஏன் இவ்வளவு நாள் என்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

விசாரணை நடந்தது ஒரு பழைய நூலகத்தின் மாடியில். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டதால் அதை நிறுத்திவிட்டார்கள், எல்லாருக்கும் வேர்த்தது. மச்சான் முன் வரிசையில், கேட்கிற காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். அரசு வக்கீல் இரண்டு தாளையும் என் முன்னால் வைத்து, இதில் எது உங்கள் கையெழுத்து என்று கேட்டார். இரண்டுமே என்னுடையதுதான் என்றேன். ஒரே பயணத்துக்கு இரண்டு கணக்கில் கையெழுத்துப் போட்ட ஆளை எப்படி நம்புவது என்று அவர் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்த பிறகு எனக்குப் பயம் போய்விட்டது.

“ரோஸ் தாள்ல படிக்காமப் போட்டேன் ஐயா. வெள்ளைத் தாள்ல படிச்சுட்டுப் போட்டேன். படிக்காமப் போட்டதுதான் உண்மை. படிச்சுட்டுப் போட்டது பொய்யின்னு தெரிஞ்சே போட்டேன்.”

அப்புறம் கண்ணாடியில் பார்த்ததைச் சொன்னேன். மூன்று அடி, துப்பாக்கிக் கட்டை, கைக்கடிகாரம், எல்லாம். ஜீப் திரும்பியபோது பின்பக்கம் நம்பர் பலகை இருந்தது. ஜீப்புக்கு முன்னால்தான் இல்லை. பதினெட்டு வருடம் வண்டி ஓட்டுகிறவன் பின்னால் தெரிகிற எண்ணைப் படிக்காமல் இருக்கமாட்டான். அந்த எண்ணையும் சொன்னேன். நீதிபதி எழுதிக்கொண்டு, அந்த ஜீப்பின் ஓட்டப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி உத்தரவு போட்டார்.

பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு போனதில் மீதி வந்தது. அவரைப் பிடித்த ஐந்தாவது நாள் அந்த ஜீப் பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில், பெயர் தெரியாத ஆண், வயது நாற்பது இருக்கலாம், சாலை ஓரம் கிடந்தவர், தலையில் காயம், கொண்டு வந்தது போலீஸ் என்று எழுதியிருந்தது. அங்கே வேலை பார்த்த நர்ஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்தப் பெண் சொன்னது: ஆறாவது நாள் அவருக்கு நினைவு வந்தது. பெயரைச் சொன்னார், மார்க்கெட் என்றார், மனைவி பெயரையும் சொன்னார். எழுதப் போனபோது காவலுக்கு நின்ற போலீஸ்காரன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டான். ஒன்பதாவது நாள் காலையில் இறந்தார். நகராட்சி ஆட்கள் அவரை ஒரு எண் போட்டுப் புதைத்தார்கள்.

உடலைத் தோண்டி எடுத்து மனைவியிடம் கொடுத்தார்கள். அறிக்கையும் வந்தது, இருநூறு பக்கம். அளவுக்கு மீறிய பலப்பிரயோகம், வருந்தத்தக்கது, எதிர்காலத்தில் பயிற்சி அளிக்க வேண்டும். ஒரு மனுசனை மூன்று தடவை மண்டையில் அடிக்கக் கூடாது என்பதற்குப் பயிற்சியாம். இன்ஸ்பெக்டரை வேறு ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள், பட்டையோடு. அவர் மேல் வழக்குப் போட அரசாங்கத்தின் அனுமதி வேண்டுமாம். அனுமதி கேட்ட கடிதம் எந்த மேஜையில் தூங்குகிறதோ. மச்சான் மேல் போட்ட வழக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்கிறார்.

அவர் காலில் விழப் போனேன். விடவில்லை. என் மேல் கோபமும் அவரிடம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மன்னித்துவிடுங்கள் மச்சான் என்று நான் அழுதபோது, கேட்கிற காதைத் திருப்பி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“என்கிட்ட எதுக்குக் கேக்குற மாப்ளே? வண்டியிலேர்ந்து இறக்கிட்டுப் போனது என்னையா?”

அதனால் பூட்டுக்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். ஒரே அறை வீடு. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவிக்கொத்து. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். சத்தம் போடவில்லை.

“எட்டாம் நாள் கோர்ட்டுல நானும் இருந்தேன். நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு உங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஆமாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்க. இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தேடச் சொல்லியிருப்பாங்க. அந்த ஆஸ்பத்திரி இங்கேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம்தான். அவர் மறுநாள் காலையிலதான் செத்தாரு.”

நான் தம்ளரைக் கீழே வைத்தேன். அவர் எழுந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் வெளியே வந்தேன்.